ஹொண்டா என்றால் கியர்பொக்ஸையும் நம்பலாமா?

தம்பி கேட்ட கேள்வி இது. உப்புவெளியில் வீடு, வீட்டில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள். பார்த்து வைத்திருக்கும் வாகனம் 2014 ஹொண்டா வெசல் ஹைபிரிட். மாமா "ஹொண்டா தானே, யோசிக்காமல் எடு" என்கிறார். கராஜ் பாஸ் "எஞ்சின் ஒன்றும் செய்யாது, கியர்பொக்ஸ் போனால் நகை அடகுக்குப் போகும்" என்கிறார். நம்பிக்கையான கொம்பனி செய்த வாகனத்தில் கியர்பொக்ஸ் மட்டும் எப்படிப் பழுதாகும், யார் சொல்வதைக் கேட்பது என்று தம்பிக்குக் குழப்பம்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாகனத்தை எடுக்கலாம், ஆனால் அதன் கியர்பொக்ஸை நன்றாகச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே ஓட்டிப் பார்த்து, ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கையில் வாங்கிய பிறகுதான். அதற்கு விற்கிறவர் இடம் கொடுக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், எவ்வளவு விலை குறைத்தாலும் திரும்பிப் போகாதீர்கள். கொம்பனியின் பெயர் எஞ்சினுக்கு ஒரு சாட்சி. கியர்பொக்ஸுக்கு அது சாட்சி இல்லை. கியர்பொக்ஸை எந்த வகை, எந்த ஆண்டு, யார் எப்படி ஓட்டினார்கள் என்று தனியாகத்தான் எடைபோட வேண்டும்.

மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஹொண்டா எஞ்சின்களுக்கு இருக்கும் பெயர் விளம்பரத்தால் வந்தது இல்லை, நேரத்துக்கு ஒயில் மாற்றினால் அவை நீண்ட காலம் உழைக்கும். ஆனால் இந்தக் கொம்பனி ஓட்டோ கியர்பொக்ஸ் விஷயத்தில் ஆரம்பம் முதலே மற்றவர்கள் போகாத வழியில் போனது. 1968இல் என்360 என்ற சின்னக் காருக்குத் தன் சொந்த ஓட்டோ கியர்பொக்ஸைச் செய்தது. மற்றவர்கள் ஒரு கியருக்கு நடுவில் இன்னொன்று சுழலும் கிரக அமைப்பை வைத்தபோது, ஹொண்டா சாதாரண மெனுவல் கியர்பொக்ஸ் போல அருகருகே இரண்டு தண்டுகள், அவற்றில் பற்சக்கரங்கள், ஒவ்வொரு கியருக்கும் ஒரு கிளச் என்று வடிவமைத்தது. சின்ன, பாரம் குறைந்த கார்களில் அது பல வருடம் நல்லபடியாக ஓடியது. பிரச்சினை வந்தது பெரிய குடும்ப வாகனங்களுக்கு அதே வழியைக் கொண்டுபோனபோது.

அமெரிக்காவில் ஒடிசி என்றால் பிள்ளை குட்டிகளோடு உள்ள வீடுகள் எடுக்கும் பெரிய வான், வி6 எஞ்சின், ஆட்களும் சாமானும் ஏறினால் நல்ல பாரம். 2000, 2001 மொடல்களில் கியர்பொக்ஸ் முறைப்பாடுகள் கூடியபோது கொம்பனியே உத்தரவாதத்தை 7 வருடம் அல்லது 100,000 மைல் என்று நீட்டிக் கொடுத்தது. பிறகு ஐந்து கியர் பொக்ஸ் வந்தது. 2004 ஏப்ரலில் அதையும் திருத்துவதற்காகத் திருப்பி அழைக்க (ரீகோல்) வேண்டி வந்தது: அமெரிக்காவில் மட்டும் சுமார் 11 இலட்சம் வாகனங்கள், ஒடிசி, பைலட், வி6 அக்கோர்ட், அதோடு அக்யூரா பெயரில் விற்ற சிலவும். காரணம் இரண்டாம் கியர். சில ஓட்ட நிலைகளில் அந்தப் பற்சக்கரத்துக்கு ஒயில் போதுமான அளவு போகவில்லை, சூடேறியது, சூட்டில் பல் உடைந்து கியர்பொக்ஸே இறுகிவிடும் ஆபத்து இருந்தது.

தீர்வை எப்படிச் செய்தார்கள் என்பதையும் பாருங்கள், நமக்குப் பாடம் அங்கேதான். 15,000 மைலுக்குக் குறைவாக ஓடிய வாகனத்துக்கு ஒயில் கூலரிலிருந்து திரும்பி வரும் லைனில் சின்ன மாற்றம் செய்து இரண்டாம் கியருக்குக் கூடுதல் ஒயில் போகவிட்டார்கள். அதற்கு மேல் ஓடியதென்றால் உள்ளே பற்சக்கரத்தின் நிறத்தைப் பார்த்தார்கள். சூட்டில் நிறம் மாறியிருந்தால் கியர்பொக்ஸையே மாற்றினார்கள், நிறம் மாறவில்லை என்றால் லைனை மட்டும் திருத்தினார்கள். ஒரே கொம்பனி, ஒரே ஆண்டு, ஒரே மொடல், ஆனால் எவ்வளவு சூடு பட்டது என்பதை வைத்து ஒன்று தப்பியது, ஒன்று குப்பைக்குப் போனது. செகண்ட் ஹேண்டாக எதை வாங்கினாலும் இந்தச் சூட்டுக் கணக்கை மறக்கக்கூடாது.

சரி, வெசலுக்கு வருவோம். உங்கள் 2014 வெசலில் இருப்பது அந்த அமெரிக்கப் பொக்ஸ் இல்லை, முற்றிலும் வேறு. ஐ-டிசிடி என்று பெயர், ஏழு கியர், இரட்டைக் கிளச், உள்ளேயே ஒரு மின்மோட்டர். 2013 செப்டெம்பரில் மூன்றாம் தலைமுறை ஃபிட் ஹைபிரிட்டோடு ஜப்பானில் அறிமுகமானது, டிசெம்பரில் வெசலில் வந்தது, பிறகு கிரேஸ், ஷட்டில், ஃப்ரீட் ஹைபிரிட் வரை போனது. எங்கள் ஊர் வீதிகளில் ஓடும் ஹைபிரிட்கள், மொடல் குறியீட்டால் சொன்னால் ஜிபி5 ஃபிட், ஆர்யூ3 வெசல், ஜிஎம்4 கிரேஸ் எல்லாம் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்தான்.

வெளிவந்து ஏறத்தாழ ஒரு வருடத்துக்குள் ஃபிட் ஹைபிரிட் ஜப்பானில் ஐந்து முறை திருப்பி அழைக்கப்பட்டது. 2014 பெப்ரவரியில் நடந்தது நேரடியாக இந்த ஏழு கியர் பொக்ஸின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக, ஃபிட்டும் வெசலும் சேர்த்து 80,000க்கு மேற்பட்ட வாகனங்கள்: கியர் பிந்தி விழும், சில வேளை வாகனம் நின்ற இடத்திலிருந்து நகராது. ஜூலையில் இன்னொன்று, எதிர்பாராமல் வேகம் எடுக்கும் ஆபத்துக்காக. ஒக்டோபரில் ஐந்தாவது அழைப்பு வந்தபோது கொம்பனியின் தலைவராக இருந்த டகனோபு இட்டோ மூன்று மாதத்துக்குத் தன் சம்பளத்தில் 20 வீதத்தை விட்டுக்கொடுத்தார், மற்ற உயர் அதிகாரிகளும் 10 வீதம் குறைத்துக்கொண்டார்கள். தரத்தில் பெருமை கொள்கிற ஒரு கொம்பனி இப்படிப் பகிரங்கமாகப் பொறுப்பேற்றதை நான் மதிக்கிறேன். ஆனால் வாங்குகிறவர் அதிலிருந்து எடுக்க வேண்டிய செய்தி, இந்தப் பொக்ஸ் முழுதாகப் பக்குவப்படும் முன்னரே வீதிக்கு வந்துவிட்டது என்பது.

முடிவு எப்படியானது என்றும் பாருங்கள். 2020 பெப்ரவரியில் வந்த நான்காம் தலைமுறை ஃபிட்டிலும், 2021 ஏப்ரலில் வந்த புது வெசலிலும் ஹொண்டா இந்த இரட்டைக் கிளச்சைக் கைவிட்டது. இ:எச்இவி என்ற இரண்டு மோட்டர் முறைக்குப் போனது, அதில் பெரும்பாலான நேரம் மோட்டரே சக்கரத்தை ஓட்டும், நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் எஞ்சின் ஒரு கிளச் வழியாக நேரே இணையும், ஏறி இறங்கும் கியர் வரிசையே கிடையாது. செய்தவர்களே விட்டுவிட்ட வழி அது, விற்கிறவர் என்ன சொன்னாலும்.

இனி இந்தப் பொக்ஸ் ஏன் பழுதாகிறது என்று. இது விளங்கினால் ஓட்டிப் பார்க்கும்போது எதைத் தேடுவது என்று தானாகவே தெரியும்.

பழைய ஓட்டோ கியரில் எஞ்சினுக்கும் பொக்ஸுக்கும் நடுவில் ஒயிலால் பலத்தைக் கடத்தும் டோர்க் கொன்வெர்ட்டர் ஒன்று இருக்கும். ‘டி’யில் போட்டு பிரேக்கை விட்டால் வாகனம் மெல்ல ஊர்வது அதனால்தான், எவ்வளவு நேரம் ஊர்ந்தாலும் அதற்கு வலிக்காது. ஐ-டிசிடியில் அது இல்லை. மெனுவல் கார் மாதிரி கிளச் தட்டுகள்தான், ஒன்றுக்கு இரண்டு. ஒற்றைப்படை கியர்களை ஒரு கிளச் பார்க்கும், இரட்டைப்படை கியர்களை மற்றது பார்க்கும், ஒன்றில் ஓடும்போதே அடுத்தது தயாராக நிற்கும், அதனால்தான் மாற்றம் அவ்வளவு விரைவு. அந்த இரண்டும் உலர் கிளச்கள், ஒயிலில் நனையாதவை. உராய்ந்தால் வரும் சூட்டை அள்ளிக்கொண்டு போக ஒயில் இல்லை, காற்றில்தான் ஆற வேண்டும்.

உராய்வைக் குறைக்க அவர்கள் வைத்த உபாயம் மோட்டர். அது ஒற்றைப்படை கியர்த் தண்டோடு இணைந்திருக்கும். ஹைபிரிட் பற்றரியில் சார்ஜ் இருந்தால் வாகனம் மோட்டரால் புறப்படும், கிளச்சுக்கு வேலையே இல்லை. பற்றரி இறங்கிவிட்டால் எஞ்சின் எழும்பும், எஞ்சினால் புறப்பட வேண்டுமென்றால் கிளச் பாதி பிடித்துப் பாதி வழுக்கித்தான் ஆக வேண்டும். கிளச் தேய்வதும் சூடேறுவதும் அந்த நேரங்களில்தான். இந்த வாகனத்தில் ஏசி கொம்ப்ரெஸர் மின்சாரத்தில் ஓடுவது, அது இழுப்பதும் அதே பற்றரியிலிருந்து. ஆகவே நெரிசலில் ஏசியை முழுதாகப் போட்டு ஊர்ந்தால் பற்றரி இறங்கும், எஞ்சின் எழும்பும், கிளச் வழுக்கும். சூடு எல்லையைத் தாண்டும்போது டிஸ்பிளேயில் ட்ரான்ஸ்மிஷன் சூடு, பாதுகாப்பான இடத்தில் நிறுத்து என்று எச்சரிக்கை வரும்.

இன்னொன்றையும் இதோடு சேர்த்து யோசியுங்கள். பற்றரி பழசாகி அதன் கொள்ளளவு குறைந்தால் மோட்டரால் புறப்படும் வேளைகளும் குறையும். பத்து வருடம் தாண்டிய வெசலில் பற்றரியின் சோர்வு கிளச்சின் தலையில் வந்து விழுகிறது. கியர்பொக்ஸைப் பார்க்கப் போகிறவர்கள் பற்றரி நிலையைப் பார்க்காமல் விடுவது இதனால்தான் எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. இரண்டையும் ஒன்றாகப் பாருங்கள்.

திருகோணமலையில் இதை ஓட்டுவது எப்படி என்றால், பாதி நல்லது, பாதி கெட்டது. வீதிகள் பெரும்பாலும் சமதரை. நிலாவெளிப் பக்கம், குச்சவெளிப் பக்கம், கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர்ப் பக்கம், எங்கும் ஒரே சீராக ஓடலாம், அப்படி ஓடும்போது இந்தப் பொக்ஸ் சுகமாக இருக்கும், எரிபொருளும் மிச்சம். கெட்டது வெயில். கச்சான் காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில் பகல் பதினொரு மணிக்கு டவுனில் கடைத்தெருப் பக்கம் ஏசியோடு ஊர்வதும், கோணேசர் கோயில் விசேட நாட்களில் கோட்டைக்குள்ளே ஏறும் சரிவில் வாகன வரிசையில் நின்று நின்று ஏறுவதும் உலர் கிளச்சுக்குப் பெரிய சோதனை. அடுத்தது கடற்காற்று. உப்புவெளி, நிலாவெளி வீடுகளில் வெளியே நிற்கும் வாகனங்களில் கனெக்டர்களும் எர்த் இணைப்புகளும் பச்சைக் களிம்பு பிடிக்கும், அதனாலும் சென்சர் பிழை காட்டும். கிளச் நன்றாக இருக்க, பச்சை பிடித்த ஒரு கனெக்டருக்காகக் கியர்பொக்ஸ் கழற்றப்படுவது எனக்கு மிகவும் மனம் வலிக்கும் விஷயம். மாரியில் தம்பலகாமம், மூதூர் பக்கம் வெள்ளத்துக்குள் ஓடிய வாகனமா என்பதையும் கேளுங்கள். பதிலை மட்டும் நம்பாமல் கார்ப்பெட்டைத் தூக்கி அடியைப் பாருங்கள், சீட் தண்டவாளத் துருவைப் பாருங்கள்.

ஆனால் குடும்ப வாகனம் என்றால் ஊருக்குள் மட்டும் நிற்காது. ஏப்ரலில் நுவரெலியா போவீர்கள். ஐந்து பேர், பைகள், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, அதற்குப் பிறகு புசல்லாவை, றம்பொடை. றம்பொடை வளைவுகளில் முன்னால் ஒரு லொறி ஊர்ந்தால் நீங்களும் ஊர வேண்டும், அதுவும் மேட்டில். இந்தப் பொக்ஸுக்கு அதைவிடக் கடினமான வேலை இலங்கையில் குறைவு. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை நடமாடும் பகுதியில் இரவில் பிள்ளைகளோடும் அம்மாவோடும் வாகனம் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பணச் செலவை விட இதற்காகத்தான் நான் இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

இப்போது ஓட்டிப் பார்க்கும் முறை. காலையில் எஞ்சின் குளிராக இருக்கும்போதே போங்கள், போவதாக முன்கூட்டியே சொல்லிவைத்தால் முன்பே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருப்பார்கள், பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். முதலில் குளிரில் ரிவர்ஸ் போட்டு மெல்ல எடுங்கள், நடுக்கம் இருக்கிறதா, ‘டி’ போட்டதும் கியர் உடனே விழுகிறதா, ஒரு கணம் யோசித்துவிட்டு ‘டக்’ என்று விழுகிறதா என்று கவனியுங்கள். பிறகு ஏசியை முழுதாகப் போட்டு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் டவுனுக்குள் நின்று நின்று ஓடுங்கள். ரேடியோ வேண்டாம், விற்கிறவரின் கதையும் வேண்டாம். ஒன்றிலிருந்து இரண்டுக்கும் இரண்டிலிருந்து மூன்றுக்கும் போகிற அந்த மெதுவான வேகத்தில் உடம்பு குலுங்குவது போல நடுக்கம் வந்தால் அது கிளச்சின் குரல். பற்றரி அளவு டிஸ்பிளேயில் இறங்கியதும் இன்னும் கூர்மையாகக் கவனியுங்கள், எஞ்சினால் புறப்படும் நேரம் அதுதான். நன்றாகச் சூடேறிய பிறகு ஓர்ஸ் ஹில் மேட்டில் பாதி வழியில் நிறுத்தி மீண்டும் எடுங்கள், இடம் பார்த்து ரிவர்ஸிலும் மேட்டில் ஏற்றிப் பாருங்கள். ரிவர்ஸில் மேடு ஏறும்போது ஒளிந்திருக்கும் கிளச் வியாதி பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.

குளிரில் நல்லது, சூட்டில் கெட்டது என்றால் கிளச்சோ அதை இயக்கும் அமைப்போ களைத்துவிட்டது என்று எடுங்கள். குளிரிலும் சூட்டிலும் ஒரே மாதிரி லேசான தட்டு இருந்தால் மென்பொருளோ கிளச் பிடிக்கும் புள்ளியின் அளவோ விலகியிருக்கலாம், அது திருத்தக்கூடிய வியாதி.

ஸ்கேன் கட்டாயம். சந்தையில் விற்கும் சின்ன புளூடூத் ரீடர் போதாது, அது எஞ்சின் கணினி பதிந்துவைத்த பிழைக் கோடுகளை (பிழையைக் குறிக்கும் கோட் எண்களை) மட்டும் வாசித்துவிட்டு எல்லாம் சுகம் என்று சொல்லிவிடும். ஹொண்டாவின் கியர்பொக்ஸ் கணினிக்குள்ளும் ஹைபிரிட் கணினிக்குள்ளும் போகக்கூடிய கருவி உள்ள இடத்துக்குக் கொண்டுபோங்கள், ஊரில் இல்லை என்றால் கண்டிக்கோ கொழும்புக்கோ போகிற செலவு இந்த விலை வாகனத்துக்குப் பெரிதில்லை. கோடுகள் அழிக்கப்பட்ட பிறகு எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்பதையும் ஸ்கேனர் காட்டும். வருடக்கணக்காக ஓடிய வாகனத்தில் அந்த எண் மிகச் சிறிதாக இருந்தால் யாரோ அண்மையில் அழித்திருக்கிறார்கள். சின்ன 12 வோல்ட் பற்றரி பழுதாகிக் கழற்றினாலும் அப்படி வரலாம், ஆகவே உடனே சண்டைக்குப் போகாமல் காரணம் கேளுங்கள்.

இலங்கையில் பலருக்குத் தெரியாத ஒன்று: இந்த வெசல்களில் பெரும்பகுதி ஜப்பானில் பதிவாகி ஓடியோ, அங்கிருந்து தனி இறக்குமதியாளர்கள் மூலமோ வந்தவை. கொம்பனி திருப்பி அழைத்தால் கடிதம் ஜப்பானில் இருந்த முதல் சொந்தக்காரருக்குப் போகும், உப்புவெளிக்கு வராது. ஆனால் ஹொண்டாவின் ஜப்பானிய இணையத்தளத்தில் செசி நம்பரை அடித்தால் எந்தெந்த அழைப்பு அந்த வாகனத்துக்கு உரியது, செய்யப்பட்டதா இல்லையா என்று பார்க்கலாம். புத்தகத்தில் உள்ள செசி நம்பர் ஆர்யூ3 என்று தொடங்கி ஒரு சின்னக் கோடு (-) போட்டு ஏழு இலக்கம் இருக்கும், அதை அப்படியே அடியுங்கள், ஜப்பானிய மொழியைப் போனிலேயே மொழிபெயர்த்துக்கொள்ளலாம். 2014 ஆரம்பத்து வாகனம் என்றால் இதைச் செய்யாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். மென்பொருள் திருத்தம் செய்யப்படாமல் வந்திருந்தால் அதை இங்கே போடக்கூடிய இடம் எது என்று முதலில் கேட்டுவையுங்கள். அதே செசி நம்பரை வைத்து ஒக்ஷன் ஷீட்டையும் (ஜப்பான் ஏலத்தில் வாகன நிலையை எழுதும் தாள்) எடுத்து மைலேஜ் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது தனி வேலை, அது எல்லோருக்கும் இப்போது தெரியும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களும் இதை வாசிப்பார்கள், அவர்களுக்கு. எச்சரிக்கை வந்தால் பதற வேண்டாம், பாதுகாப்பான ஓரத்தில் ‘பி’யில் போட்டு, மெசேஜ் போகும்வரை பொறுத்திருங்கள், அதை மீறி ஓட்டுவதுதான் கிளச்சைக் கொல்லும். கராஜில் "பொக்ஸையே மாற்ற வேண்டும்" என்று முதல் வார்த்தையிலேயே சொன்னால் சம்மதிக்காதீர்கள். முதலில் பிழைக் கோடு, கனெக்டர், எர்த், சின்னப் பற்றரி. சின்ன 12 வோல்ட் பற்றரி பலவீனமானாலே இந்த வாகனங்கள் பொய்ப் பிழைகளைக் காட்டும். அடுத்து மென்பொருள் அப்டேட், கிளச் பிடிக்கும் புள்ளியைக் கணினிக்கு மறுபடி கற்றுக்கொடுக்கும் வேலை. அதற்கும் சரிவரவில்லை என்றால் கிளச்சை அழுத்தும் ஹைட்ரோலிக் அமைப்பு, அடுத்து கிளச் தொகுதி. பற்சக்கரங்கள் உள்ள முழுப் பொக்ஸ் கடைசி. கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் பழைய பொக்ஸ் கிடைக்கும், ஆனால் அதற்குள் இருக்கும் கிளச் எவ்வளவு தேய்ந்தது என்று விற்கிறவருக்கும் தெரியாது. உங்கள் தேய்ந்த கிளச்சைக் கழற்றிவிட்டு இன்னொருவரின் தேய்ந்த கிளச்சை ஏற்றுவதாக முடியலாம். பணம் போடுவதென்றால் புதுக் கிளச்சுக்குப் போடுங்கள். எது மாற்றினாலும் மறுபடி கற்றுக்கொடுக்கும் வேலை செய்யாமல் வெளியே எடுக்கக்கூடாது.

ஓட்டும் பழக்கமும் ஆயுளைக் கூட்டும். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து வாகனத்தைப் பிடித்து வைக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது, இந்தப் பொக்ஸில் அது கிளச்சை நேரே எரிப்பது. பிரேக்கில் நில்லுங்கள், வெசலில் பிரேக் ஹோல்ட் பட்டன் இருக்கிறது, அதைப் பாவியுங்கள். நெரிசலில் ஓர் அடி ஓர் அடியாக ஊராமல் கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒரேயடியாக எடுத்துப் பிறகு நில்லுங்கள். பின்னால் ஹோர்ன் அடிப்பவர் உங்கள் கிளச்சுக்குக் காசு கொடுக்கப் போவதில்லை.

வேறு என்ன எடுக்கலாம் என்று தம்பி கடைசியில் கேட்டிருந்தார். வெசலே வேண்டும் என்றால் பெற்றோல் மட்டும் உள்ள ஆர்யூ1 பாருங்கள். அதில் இரட்டைக் கிளச் இல்லை, டோர்க் கொன்வெர்ட்டரோடு கூடிய சிவிடி, மெதுவாக ஊர்வதற்கு அதுதான் பொருத்தம். எரிபொருள் கூடக் குடிக்கும், உண்மை. ஆனால் சிவிடி என்றால் ஒயில்தான் உயிர். இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடும் இரும்புப் பெல்ட் வழுக்காமல் பிடித்து நிற்பது அந்த ஒயிலின் தன்மையால். ஹொண்டாவுக்கு எச்சிஎஃப்-2 என்று எழுதியிருந்தால் அதுவே ஊற்ற வேண்டும், "எல்லா சிவிடிக்கும் சரி" என்று கேனில் எழுதியிருப்பதை நம்பி ஊற்றிவிட்டு ஆறு மாதத்தில் அழாதீர்கள்.

டொயோட்டா ஹைபிரிட், அதாவது அக்வா, அக்சியோ ஹைபிரிட், பிரியஸ், இவற்றில் கியர்பொக்ஸ் என்று பழுதாக அதிகம் இல்லை. இரண்டு மோட்டரும் ஒரு கிரகப் பற்சக்கரத் தொகுதியும், நழுவும் கிளச்சோ பெல்ட்டோ கிடையாது. எனக்குக் குடும்ப வாகனத்துக்கு இந்த அமைப்பில்தான் அதிக நம்பிக்கை. அங்கே உங்கள் கவலை பற்றரியாக இருக்கும், அக்வாவில் பின் சீட் ஓரத்தில் காற்று இழுக்கும் வாயைத் தூசும் கடல் மணலும் அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவுக்கு ஏறி இறங்க அக்வா தாழ்வு என்று சொல்வீர்கள், அது நியாயமான காரணம், ஒருமுறை அம்மாவை ஏற்றிப் பாருங்கள். நிசான் பக்கம் போவதென்றால் அவர்களும் அமெரிக்காவில் 2003 முதல் 2010 வரையான சிவிடி வாகனங்களுக்கு உத்தரவாதத்தை 10 வருடம், 120,000 மைல் என்று நீட்டிக் கொடுத்தவர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கும் ஆண்டையும் பொக்ஸையும் பார்த்தே எடுக்க வேண்டும்.

விலை விஷயத்தில் ஒன்று. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது. இடையில் ஐந்து வருடம் பழைய வாகனங்கள் கைமாறிக் கைமாறி விலை ஏறின, ஆனால் உள்ளே இருக்கும் கிளச் அதே 2014 கிளச். ஆகவே பேரம் பேசும்போது ஒரு கிளச் தொகுதியும் வேலைக்கூலியும் எவ்வளவு என்று இரண்டு இடத்தில் விலை கேட்டு, அந்தத் தொகையைத் தனியே ஒதுக்கிவைத்த பிறகும் இந்த வாகனம் உங்களுக்குக் கட்டுப்படியாகிறதா என்று பாருங்கள். லீசிங்கில் எடுத்து, மாதத் தவணைக்கு மேல் கையில் ஒன்றும் மிஞ்சாத நிலை என்றால் ஆர்யூ3 வேண்டாம், நேராகவே சொல்கிறேன். கையில் அந்த ஒதுக்கு இருக்கிறது, சூட்டில் ஓட்டம் சுத்தம், அழைப்புகள் எல்லாம் செய்து முடிந்திருக்கிறது என்றால் எடுங்கள், நல்ல வாகனம், பிள்ளைகளும் விரும்புவார்கள்.

ஸ்கேன் எடுத்ததும் கோடுகளையும், அழித்த பிறகு ஓடிய கிலோமீற்றரையும், பற்றரி அளவுகள் வரும் பக்கத்தையும் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்.